வெப்லி மார்க் 6: வாங்கும் முன் சிலிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர் முதலில் விசாரிப்பது வெப்லி மார்க் 6 பற்றித்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய ரிவால்வர். நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு காலி உறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். நானும் ஒன்று வாங்கி, பல மாதங்களாகச் சுட்டு வருகிறேன். கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும். இந்தியாவின் சட்டம் வேறு, அதற்குள் நான் போகவில்லை.

துப்பாக்கியைக் கையாளும் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் முதலில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் சேருங்கள். இந்தப் பதிவு காத்திருக்கும்.

படி 1: நீங்கள் வாங்கலாமா?

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் விசா விஷயத்தில் கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உரிமம் பெற்ற டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 எனும் கூட்டாட்சி அரசின் படிவத்தை நிரப்பித் தருவீர்கள், டீலர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் உங்கள் பெயரைப் பார்ப்பார், அல்லது சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறை வழியாகப் பார்ப்பார். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரி நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரிதானா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வீடு மாறிவிட்டுப் பழைய முகவரியோடு போனால் படிவம் அங்கேயே நின்றுவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அந்த அட்டையையும் கையோடு கொண்டு போங்கள், அதன் எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும்.

அதற்கு மேல் மாநிலச் சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கத் தனி அனுமதி வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கான அடையாள அட்டை வேண்டும். உங்கள் மாநிலத்தில் என்ன நிலவரம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

50 ஆண்டுகளைத் தாண்டிய துப்பாக்கிகளுக்கு 'கியூரியோ அண்டு ரெலிக்' என்ற சேகரிப்பாளர் உரிமம் உண்டு. 30 டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. இதை வைத்திருந்தால் வேறு மாநிலத்திலிருந்து வரும் பழைய துப்பாக்கியை, உங்கள் மாநிலச் சட்டம் அனுமதித்தால், நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். வாங்கியது விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆனால் துப்பாக்கி மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வெப்லிகளில் பல மூல வடிவத்தில் இல்லை. அதனால் முதல் வெப்லியை டீலர் வழியாகவே வாங்குங்கள் என்பேன். 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளுக்கு உள்ள 'ஆன்டிக்' விலக்கு இதற்குக் கிடைக்காது. மார்க் 6 படைக்கு ஏற்கப்பட்டதே 1915-இல்தான்.

படி 2: எங்கே தேடுவது

கன்புரோக்கர் போன்ற இணைய ஏலங்கள், ராக் ஐலண்ட் போன்ற ஏல நிறுவனங்கள், ஊருக்கு ஊர் நடக்கும் கண்காட்சிகள் என மூன்று வழி. முதல் முறை வாங்குபவருக்கு நான் கண்காட்சியைத்தான் சொல்வேன். கையில் எடுத்து, திறந்து, மூடிப் பார்க்காமல் வெப்லி வாங்கக் கூடாது. இணையத்தில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், சிலிண்டரின், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையின், பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். விற்பவர் அனுப்ப மறுத்தால் அடுத்ததைப் பாருங்கள்.

படி 3: சிலிண்டர் வெட்டப்பட்டதா?

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த கட்டம் இதுதான். ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

மார்க் 6 பிறந்தது .455 வெப்லி தோட்டாவுக்காக. 265 கிரெயின் (ஏறக்குறைய 17 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு, வினாடிக்கு 600 அடிக்குச் சற்று மேலே போகும். பெரிய குண்டு, மெதுவான வேகம், குறைந்த அழுத்தம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ரிவால்வர்கள் உபரியாக அமெரிக்காவுக்கு ஏராளமாக வந்து இறங்கின. ஆனால் .455 தோட்டா இங்கே கிடைப்பது அரிது. எல்லாக் கடையிலும் கிடைத்தது .45 ஏ.சி.பி. எனும் அமெரிக்கத் தோட்டா. இறக்குமதி செய்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். சிலிண்டரின் பின்முகத்தைக் கொஞ்சம் சீவி எடுத்தால், மூன் கிளிப் எனும் மெல்லிய எஃகுத் தகட்டில் கோர்த்த .45 ஏ.சி.பி. தோட்டாக்கள் உள்ளே உட்காரும். சந்தையில் 'ஷேவ்டு' என்று சொல்வது இதைத்தான். இன்று இங்கே விற்பனைக்கு வரும் மார்க் 6-களில் நிறையவே இப்படிச் சீவப்பட்டவை.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் துப்பாக்கி காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு மூடிய நிலையில் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்து, சிலிண்டரின் பின்முகத்துக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். .455 தோட்டாவின் விளிம்பு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன்தான். சீவாத துப்பாக்கியில் இடைவெளியும் அதற்கேற்பக் குறுகலாக இருக்கும். சீவியதில் அது இரு மடங்குக்கு மேல் அகன்று தெரியும். திறந்து பார்த்தால் பின்முகத்தில் கடைசல் எந்திரம் ஓடிய பளபளப்பான வட்டக் கோடுகளும் தெரியலாம். பின்முகம் மட்டும் வெளுத்து, சிலிண்டரின் மற்ற பகுதி பழைய நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. மருந்து இல்லாத .45 ஏ.சி.பி. டம்மிகளை மூன் கிளிப்பில் மாட்டிக் கையோடு கொண்டு போங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி இலகுவாக மூடினால் சீவியது. மூடாவிட்டால் சீவாதது, அங்கேயே நிறுத்துங்கள், வலிந்து மூடாதீர்கள்.

இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சீவிய சிலிண்டரில் .45 ஏ.சி.பி. உட்காரும் என்பதால் கடையில் விற்கும் .45 ஏ.சி.பி.-யைச் சுடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். விற்பவர்களும் அப்படியே சொல்கிறார்கள். .455-இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 13,000 பவுண்டு அளவில். .45 ஏ.சி.பி.-க்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்சவரம்பு 21,000. நூறு ஆண்டுகள் பழைய எஃகு, அதிலும் பின்பக்கம் சீவப்பட்டது, இந்தச் சுமையை ஏற்கக் கூடாது. சில தோட்டாக்கள் போகும். ஒரு நாள் சிலிண்டர் பிளக்கும், அதற்கு மேலே ஓடும் மேல்பட்டையும் பறக்கும். பிளந்த வெப்லிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள். உட்காருகிறது என்பது வேறு, தாங்குகிறது என்பது வேறு.

சீவியதில் .455 போடலாமா? அதுவும் சரிப்படாது. பின்னால் இடைவெளி கூடிவிட்டதால் தோட்டா தளர்ந்து நிற்கும்; ஹேமர் ஊசி சரியாக எட்டாமல் வெடிக்காமல் போகலாம், வெடித்தால் உறையின் பின்புறம் தாங்கலின்றி நிற்கும்.

என் கருத்து: சேகரிப்புக்கு என்றால் கூடுதல் விலை கொடுத்துச் சீவாததை வாங்குங்கள். மறுவிற்பனையில் அதுதான் நிற்கும். அடிக்கடி சுட வேண்டும், தோட்டாவை நீங்களே தயாரிப்பீர்கள் என்றால் சீவியது போதும், விலையும் குறைவு.

படி 4: மற்ற சோதனைகள்

ஃபிரேமின் வலது பக்கம் ஆண்டு பொறித்திருக்கும். 1915 முதல் 1921 வரை பர்மிங்காமில் வெப்லி அண்டு ஸ்காட் செய்தது. பிறகு 1926 வரை என்ஃபீல்டு அரசு ஆயுத ஆலை செய்தது. என்ஃபீல்டு செய்தவை எண்ணிக்கையில் குறைவு, விலை கூடுதல். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான முத்திரை. ஃபிரேமிலும் சிலிண்டரிலும் வரிசை எண் ஒன்றா என்று பாருங்கள்.

மூடிய பிறகு பேரலை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலோ மேல்பூட்டோ தேய்ந்திருக்கிறது. நான் வாங்க மாட்டேன். பிறகு விற்பவர் அனுமதியோடு டிரிகரை முழுவதும் இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரைத் திருகிப் பாருங்கள். டிரிகரை விட்ட நிலையில் கொஞ்சம் அசைவது இயல்பு. இழுத்துப் பிடித்த நிலையில் அசையக் கூடாது. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல துப்பாக்கியை வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள்.

பேரலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் ஏழு திருகு வரிகள் இருக்கும். வெளிச்சத்தில் பாருங்கள். லேசான கருமை பரவாயில்லை; வளையம் போல வீங்கிய தடம் தெரிந்தால் தவிர்க்கவும். கைப்பிடியின் கறுப்பு வல்கனைட் தகடுகள் எளிதில் உடையும், திருகை இறுக்காதீர்கள்.

இந்த ரிவால்வருக்கென்று வந்த பிரிட்சர்டு பயனெட்டை (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை) காட்டி விலையை ஏற்றுவார்கள். பிற்காலப் போலிகள் ஏராளம். முதல் முறை வாங்குபவர் அதைத் தொடவே வேண்டாம்.

படி 5: தோட்டா

சீவாததற்கு .455 வெப்லி. இத்தாலியின் ஃபியோக்கி இதைச் செய்கிறது. எப்போதும் கிடைக்காது, கிடைக்கும்போது வாங்கி வையுங்கள்.

சீவியதற்கு ஒரே நல்ல வழி, குறைந்த அழுத்தத்தில் ஈயக் குண்டு வைத்து மறுநிரப்பிய தோட்டா. எனக்குப் பிடித்தது .45 ஆட்டோ ரிம் உறை. அதன் விளிம்பு தடிமனானது, மூன் கிளிப்பே வேண்டாம். ஸ்டார்லைன் செய்யும் உறைகள் நன்றாக இருக்கின்றன. இதில் இன்னொரு நன்மை: கடையில் வாங்கிய .45 ஏ.சி.பி. தவறிக் கலந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மருந்தின் அளவை நான் இங்கே எழுத மாட்டேன். அச்சிட்ட மறுநிரப்பு நூலில், வெப்லிக்கு என்று குறிப்பிட்ட அளவை மட்டும் பின்பற்றுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் சீவியதை வாங்கவே வேண்டாம்.

வெப்லியில் சிலிண்டரின் முன்வாய் பேரலைவிடக் குறுகலாக இருப்பது வழக்கம். அதனால் கடினமான ஈயம் சரியாக விரியாது, குறியும் சிதறும். மென்மையான ஈயமும் அடிக்குழிவுள்ள குண்டும்தான் இதற்குச் சரி.

படி 6: ரேஞ்சில்

வெறும் ஈயக் குண்டை அனுமதிக்காத உள்ளரங்க ரேஞ்சுகள் உண்டு. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கண்ணாடி, காதுக்கவசம் கட்டாயம்.

முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஹேமரைக் கையால் இழுத்து வைத்துச் சுட்டால் விசை இலகு. டிரிகரை மட்டும் இழுத்துச் சுடுவது கனம், அது பிறகு. துப்பாக்கி ஏறக்குறைய 1.1 கிலோ இருப்பதால் பின்னுதைப்பு கையை அடிக்காது, மெதுவாகத் தள்ளும். பெரிய தோட்டா என்று பயந்து வருபவர்கள் இதைத்தான் அதிகம் ரசிக்கிறார்கள்.

ஒரு தோட்டா மட்டும் வழக்கத்தைவிடச் சன்னமாக வெடித்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். காலி செய்துவிட்டு, பேரலுக்குள் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. குறைந்த அழுத்தத் தோட்டாக்களில் இந்த வாய்ப்பு அதிகம்.

இனி திறப்பது. ஹேமருக்கு இடப்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் மேல்பூட்டு விலகும், பேரல் கீழே மடங்கும். நடுவில் உள்ள நட்சத்திரத் தகடு எழுந்து உறைகளைத் தூக்கும். முழுவதும் மடங்கியதும் சட்டென்று கீழே இறங்கிவிடும். மெதுவாகத் திறந்தால் ஏதாவது ஓர் உறை பாதியில் சாய்ந்து, தகடு இறங்கும்போது அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு துப்பாக்கி மூடாது. அப்போது அழுத்தி மூட முயல வேண்டாம். தகட்டை விரலால் தூக்கிப் பிடித்து உறையை எடுத்துவிடுங்கள். மாட்டாமலே இருக்க வேண்டுமென்றால், குழல்முனை இலக்குப் பக்கமே இருக்க, துப்பாக்கியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே மூச்சில் முழுவதும் திறங்கள். உறைகள் பக்கவாட்டில் விழுந்துவிடும். காலி உறைகளை வைத்து வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

படி 7: சுத்தம்

இடப்பக்கத் திருகை நாணயத்தால் தளர்த்தி, துப்பாக்கியைத் திறந்து, சிலிண்டரைப் பிடிக்கும் கேம் துண்டை விலக்கினால் சிலிண்டர் கையோடு வரும். ஈயப் படிவைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு ஒருவர், "எச்-1பியில் இருப்பவர் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி எடுத்துச் சுடலாமா?" என்று கேட்டிருந்தார். கையில் எடுப்பதே சட்டப்படி 'வைத்திருப்பது' ஆகும். வாங்குவதற்கு உள்ள அதே தடை இதற்கும் உண்டு. ரேஞ்ச்காரர் கேட்கவில்லை என்பதால் அனுமதி என்று ஆகாது.

இன்னொருவர் ஊரில் பார்த்த ஐ.ஓ.எஃப். (இந்திய அரசு ஆயுத ஆலை) ரிவால்வரும் இதே போல மடங்குகிறதே என்றார். கான்பூரில் அரசு ஆலை செய்யும் அந்த .32 ரிவால்வரின் வடிவமைப்பு வெப்லி வழி வந்ததுதான். தோட்டா வேறு, அளவும் சிறியது.

மூன்றாவது கேள்வி முக்கியமானது: விற்பவர் '.38 வெப்லி, இதைவிட மலிவு' என்கிறாராம். அது மார்க் 4, வேறு துப்பாக்கி. அதற்கான தோட்டா .38 எஸ் அண்டு டபிள்யூ; .38 ஸ்பெஷல் அல்ல. .38 ஸ்பெஷல் போடுவதற்காகச் சிலிண்டரைக் குடைந்தவையும் சந்தையில் உண்டு. அப்படிக் குடைந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சுடுவதற்கு வாங்காதீர்கள்.