பழைய வோல்வோ வேகன்: பாகம் வாங்கும் முன் பழுதைப் பிடியுங்கள்

பழைய வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் கை பரபரக்கும். ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்குகிறதா, சென்சார் வாங்கு. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா, பம்ப் வாங்கு. இப்படி வாங்கி வாங்கியே வண்டியின் விலையைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டின் வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன்; கனடாவின் ஒன்டாரியோவில் வாங்கியது. "ஒரு டியூனிங் செய்தால் போதும்" என்றார் விற்றவர். விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? 240 வரிசை 1974 முதல் 1993 வரை தயாரானது. இதில் வரும் 2.3 லிட்டர் பி230எஃப் எஞ்சினின் இரும்பு லேசில் தேயாது. முப்பது வருடத்தில் உயிரை விடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும்தான். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால் எண் அப்படியே நின்றுவிடும். வேகம் காட்டும் முள் மட்டும் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் போய் வால்வுகளில் இடிக்காது என்பது ஆறுதல். ஆனால் வண்டி எங்கே நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அடுத்தது கையுறைச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லை. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, மெல்லிய ரப்பர் கையுறையின் வாயை அந்தத் துளையின் மேல் இழுத்து மாட்டுங்கள். பக்கத்தில் சுழலும் பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை தொய்ந்து உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. ஐந்து விரலும் விறைத்து எழுந்து நின்றால் எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் சேர்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும் ஃபிளேம் டிராப் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு. ஆயில் ஆவி படிந்து படிந்து அதன் துளைகள் கறுப்புப் பிசினால் அடைத்துப்போயிருக்கும். வெளியேற வழியில்லாத அழுத்தம், ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வரும். சீல் கசிகிறது என்று சீலை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் நிறையப் பேர். அடைப்பை எடுக்காமல் போட்ட புதுச் சீலும் கசியத்தான் செய்யும்.

ஐட்லிங் தள்ளாடினால் முதலில் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் மீட்டருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வாயிலான த்ராட்டிலுக்கும் இடையே ஓடும் நெளிநெளியான ரப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புகளின் அடிப்பக்கத்தில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் குழாய் புத்தம்புதிதாகத் தெரியும். அந்த வெடிப்பு வழியே மீட்டர் அளக்காத காற்று நுழைவதால் பெட்ரோல் கணக்கு தவறுகிறது. குழாய் சரியாக இருந்தால் த்ராட்டில் வாயையும் ஐட்லிங் வால்வையும் கழுவுங்கள். அதன் பிறகுதான் சென்சார் பேச்சு.

அந்தப் பேச்சுக்கு வண்டியிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்கேனர் இதில் பொருந்தாது; அதற்கான இணைப்பு வருவதற்கு முந்தைய வண்டி இது. எல்எச் 2.4 என்ற, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் உள்ள 240களில் பானெட்டுக்கு அடியில், இடப்பக்க சஸ்பென்ஷன் கோபுரத்தின் அருகே சிறிய கறுப்புப் பெட்டி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, அதில் தொங்கும் வயரைப் பெட்ரோல் பக்கத்துக்கான 2ஆம் துளையில் செருகி, பொத்தானை ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக அழுத்தி விடுங்கள். சிவப்பு விளக்கு மூன்று இலக்க எண்ணைக் கண்சிமிட்டிச் சொல்லும். 1-1-1 என்றால் குறை இல்லை. 1-2-1 என்றால் ஏர் மாஸ் மீட்டர். 1-2-3 என்றால் கூலன்ட் வெப்பச் சென்சார். 6ஆம் துளை இக்னிஷனுக்கு. ஆனால் சென்சாரின் எண் வந்தாலும் கெட்டது சென்சார்தான் என்றில்லை. அதற்குப் போகும் வயரையும் பிளக்கையும் முதலில் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த 240 வாங்கியவர்கள் எஞ்சின் வயரிங்கின் உறையை விரலால் நெருடிப் பார்க்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் வேறெந்தச் சோதனையும் வீண்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி அருகே தனியாக இருக்கும் 25 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி அதன் கால்களைச் சுரண்டுங்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு கலந்த தண்ணீர் பட்டுப் பச்சை பூத்திருக்கும். அடுத்து டாஷ்போர்டின் கீழ் உள்ள பெட்ரோல் பம்ப் ரிலே; பம்புக்கு மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் சுவிட்ச் அது. அதைத் திறந்து ஈயப்பற்றுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கெட்ட பற்றைச் சுற்றி மயிரிழை வளையம் தெரியும். மறுபடி ஈயம் வைத்தால் சரி. ஓடும்போது வண்டிக்கு அடியிலிருந்து பம்ப் கத்தினால் அதைத் திட்டாதீர்கள். டாங்கிக்குள் இருக்கும் குட்டிப் பம்ப் செத்துப்போய், பெரியது தனியாக இழுத்துக்கொண்டிருக்கலாம்.

வேகனுக்கே உரிய தொல்லை பின்கதவு. திறந்து மூடித் திறந்து மூடிக் கீல் அருகே வயர்கள் முறியும். பின் வைப்பர், கண்ணாடிச் சூடேற்றி, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிடும். சேர்ந்தாற்போல் இரண்டு செத்தால் மோட்டாரைச் சந்தேகிக்காமல் கீலைப் பாருங்கள். பின்தளத்துக் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள். துரு அங்கேதான் குடியிருக்கும்.

பின்கதவின் ரப்பர் விளிம்பை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் சைலன்சர் புகையும் அந்த வழியாக உள்ளே வரும். மாற்றும்வரை குழந்தைகளைப் பின்னால் உட்காரவைக்க வேண்டாம்.