மூன்று 7805-ஐ வீணாக்கிய மீட்டர்

பவர் சப்ளை ஒன்று செய்தேன். வோல்டேஜை 5-இல் நிலையாக வைக்கும் ஐசி 7805. அதன் அவுட்புட் 5 வோல்ட் வர வேண்டும், மல்டிமீட்டரில் 6.4. ஐசி டூப்ளிகேட் என்று நினைத்து சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு கடையில் இரண்டு வாங்கினேன். அதே 6.4. கெபாசிட்டரை மாற்றினேன், கிரவுண்டை மறுபடி சால்டர் செய்தேன். நான்கு நாள் போச்சு.

சந்தேகம் வந்தது சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கிய புது பென்சில் செல்லால். சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தால் 2.05! புது செல் 1.6 பக்கம்தானே காட்டும்.

அப்புறம்தான் மீட்டரைத் திறந்தேன். அதோடு வந்த 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது. இந்த மலிவு டிஜிட்டல் மீட்டர்களில் பேட்டரி இறங்கினால் மீட்டர் அளவை ஒப்பிட உள்ளே வைத்திருக்கும் வோல்டேஜும் இறங்கும், அளவு ஏறிக் காட்டும். டிஸ்ப்ளே பளிச்சென்றுதான் இருக்கும், அதுதான் வினை. மூலையில் சின்னதாக பேட்டரி படம் வந்திருக்கிறது. நான் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கண்ணில் படவில்லை.

புது பேட்டரி போட்டதும் 5.02. கழற்றிப் போட்ட மற்ற இரண்டு ஐசியும் அதே 5 வோல்ட்தான். இப்போது மேஜையில் ஒரு புது செல் நிரந்தரமாக இருக்கிறது. மீட்டரை எடுத்தால் முதலில் அதில்தான் வைப்பேன்.