டிமென்ஷியா மாநாட்டுக்கு முதல் முறை ஸ்பான்சர் செய்கிறீர்களா? பேனர் திரும்பி வந்த கதையோடு ஒரு செய்முறை

காது கேட்கும் கருவி தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மெல்ல மங்கும் நிலை, அல்சைமர் அதன் முக்கிய வகை) பற்றிய ஆராய்ச்சி, பராமரிப்பு இரண்டையும் பேசும் மாநாடு ஒன்றுக்கு ஸ்பான்சர் செய்வது என்று முடிவானதும் வேலை என் தலையில் விழுந்தது. தேடிப் பார்த்தால் மாநாடு நடத்துகிறவர்களுக்குத்தான் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. பணம் கொடுக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. பணத்தை அனுப்புவதற்கு என்ன வழிகாட்டி என்று நினைத்துவிட்டார்கள் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன், மாநாட்டுக்குப் பன்னிரண்டே நாள் இருக்கும்போது அறிவியல் குழுவிடமிருந்து அந்த மெயில் வரும்வரை.

பட்ஜெட் போடுவது, மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: மாநாடு நிஜமா என்று பாருங்கள்

ஒருமுறை எங்காவது ஸ்பான்சராகப் பெயர் வந்துவிட்டால் அப்புறம் வாரத்துக்கு நாலு அழைப்பு வரும். "மதிப்பிற்குரிய ஐயா, நரம்பியல், இதயம், பல் மருத்துவம் குறித்த உலக மாநாடு" என்று எல்லாத் துறையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறியிருந்தால் அப்போதே மூடிவிடுங்கள். மற்றதற்கு என் சோதனை எளிது. அறிவியல் குழுவில் பெயர் உள்ள இருவருக்கு நேரடியாக மெயில் போட்டு, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறேன். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று ஒரு பேராசிரியர் பதில் போட்டார். அதோடு சென்ற ஆண்டின் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பையும் கேளுங்கள். நிஜ மாநாடு என்றால் அது இருக்கும்.

படி 2: யார் வரும் மாநாடு?

டிமென்ஷியா மாநாடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, உள்ளே போனால் ஒவ்வொன்றும் தனி ஊர். அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன் ஆண்டுதோறும் நடத்தும் ஏஏஐசி பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களுக்கானது. சிடிஏடி என்பது மருந்துச் சோதனைக்காரர்களின் கூட்டம். 1984-ல் தொடங்கிய அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் நடத்தும் மாநாட்டுக்கு நாடுகளின் அல்சைமர் சங்கத்தினர், பராமரிப்பவர்கள், டிமென்ஷியாவோடு வாழ்பவர்கள் எல்லாரும் வருவார்கள். அதன் நிர்வாகக் குழுவுக்கே 2003-ல் கிறிஸ்டின் பிரைடன் என்ற, டிமென்ஷியா உள்ள பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அல்சைமர் மருந்துகளான லெகனமாப் 2023-லும் டொனனமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற பிறகு, மருந்து சார்ந்த மாநாடுகளில் சின்ன நிறுவனம் ஸ்டால் போடுவது தேர் போகும் தெருவில் நடைவண்டி உருட்டுவது மாதிரி. உங்கள் பொருள் பராமரிப்பு சார்ந்தது என்றால் பராமரிப்பவர்கள் வரும் மாநாட்டுக்குப் போங்கள். ஆள் குறைவாக இருக்கலாம். ஆனால் வருகிறவர் நின்று பேசுவார்.

படி 3: மானியமா, ஸ்பான்சர்ஷிப்பா?

இரண்டும் ஒன்றில்லை. ஸ்பான்சர்ஷிப் என்றால் பணத்துக்குப் பதிலாக ஸ்டால், லோகோ, அறிவிப்பு என்று ஏதாவது கிடைக்கும். கல்வி மானியம் என்றால் ஒன்றும் திரும்பக் கேட்கக் கூடாது. உங்கள் கணக்காளர் இரண்டையும் வெவ்வேறு தலைப்பில் எழுதுவார், வரியும் அதற்கேற்ப மாறும். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் காட்டுங்கள், பின்னால் அல்ல.

தெரிந்த டாக்டர் ஒருவருக்கு டிக்கெட், தங்கும் இடம் போட்டுக் கூட்டிப் போகலாமே என்று எங்கள் விற்பனைப் பிரிவு கேட்டது. வேண்டாம். மெட்டெக் யூரோப் என்ற மருத்துவக் கருவி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018 ஜனவரியிலிருந்து தன் உறுப்பினர்களுக்கு இதை நிறுத்திவிட்டது. பணத்தை மாநாட்டுக்கோ மருத்துவமனைக்கோ மானியமாகக் கொடுக்க வேண்டும், யார் போவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நாங்கள் உறுப்பினர் இல்லை. இருந்தாலும் நல்ல விதி என்று எடுத்துக்கொண்டோம். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்தை நாங்கள் பராமரிப்பவர்களுக்கான உதவித்தொகையாக மாற்றினோம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவுக் கட்டணத்தை மட்டும் கொடுத்தால் அவர்களால் வர முடியாது. இரண்டு நாள் வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? மாற்று ஆளுக்கான செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 4: ஒப்பந்தம்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாநாடு தள்ளிப்போனாலோ ஆன்லைனுக்கு மாறினாலோ பணம் என்னவாகும் என்ற வரி இருக்க வேண்டும். ஸ்டாலுக்கு மின்சாரம் கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள், பல இடங்களில் தனி. லோகோவை வெக்டர் ஃபைலாகக் கொடுங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை அனுப்பினால் மேடைத் திரையில் மாவு பூசியது மாதிரி தெரியும். எல்லாக் கெடு தேதிகளுக்கும் ஒரே கூகுள் ஷீட் போதும். திட்ட மேலாண்மைச் செயலிகளை நம்பி நாங்கள் இரண்டு கெடுவைத் தவறவிட்டோம்.

படி 5: பேனர் வாசகம் (நான் விழுந்த பள்ளம்)

எங்கள் பேனரில் இருந்தது இதுதான்: "இன்று காதுக்குக் கருவி, நாளை டிமென்ஷியா இல்லை." எதுகை மோனை எல்லாம் பார்த்து நானே எழுதியது. அச்சுக்கும் போய்விட்டது.

அறிவியல் குழுவின் மெயில் ஒரே வரி. "இந்த வாசகத்துக்கு ஆதாரம் அனுப்பவும், இல்லையெனில் மாற்றவும்." ஆதாரம்தானே, கையிலேயே இருக்கிறது என்று இரண்டு கட்டுரைகளை அனுப்பினேன். ஒன்று, லான்செட் என்ற மருத்துவ இதழ் டிமென்ஷியாவுக்காக அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை. தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகள் என்று அதில் 14 இருக்கின்றன (2017-ல் 9, 2020-ல் 12). நடுவயதில் கேட்கும் திறன் குறைவது அவற்றில் ஒன்று, அதன் பங்கு சுமார் 7 சதவீதம். இன்னொன்று 2023-ல் வெளியான அச்சீவ் என்ற சோதனை. கேட்கும் கருவி கொடுத்த ஒரு பிரிவில் சிந்தனைத் திறன் சரிவது 48 சதவீதம் குறைந்தது என்று அதில் வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில் மூன்று பத்தி வந்தது. திட்டவில்லை. ஆனால் படித்து முடித்ததும் எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதலாவது, அந்த 7 சதவீதம் தனி ஒருவருக்கான கணக்கு இல்லை. காது மந்தம் என்பதே உலகில் இல்லாமல் போனால், அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டால், மொத்த டிமென்ஷியாவில் எவ்வளவு குறையலாம் என்ற மதிப்பீடு. இரண்டாவது, அச்சீவ் சோதனையில் 70 முதல் 84 வயது வரை 977 பேர். மூன்றாண்டு முடிவில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. 48 சதவீதம் வந்தது, ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த 238 பேர் கொண்ட பிரிவில் மட்டும். மூன்றாவது, அங்கே அளந்தது சிந்தனைத் திறன் எவ்வளவு சரிகிறது என்பதை. "டிமென்ஷியா இல்லை" என்று சொல்ல அது போதாது.

கீழே, குழுவில் இருந்த ஒருவர் தன் சார்பில் இரண்டு வரி சேர்த்திருந்தார். "இந்த மாநாட்டுக்கு அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவரும் மகள்கள் வருவார்கள். உங்கள் பேனரைப் பார்த்து, அப்போதே காது மெஷின் வாங்கித் தந்திருந்தால் அம்மாவுக்கு இது வந்திருக்காதோ என்று நினைப்பார்கள்."

பேனரை மாற்றினோம். புதியது: "காதில் விழுந்தால்தானே பேச்சில் சேரலாம்." கருவி நிஜமாகச் செய்வதும் அதுதான்.

உங்களுக்கான செய்முறை இது. வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் அறிவியல் குழுவுக்கு அனுப்புங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். அதில் "தடுக்கும்", "குணமாக்கும்", "மீட்கும்" மூன்றையும் முதலில் வெட்டுங்கள். சதவீதம் இருந்தால், யாரில், எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில் என்று நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அதையும் வெட்டுங்கள். "அவதிப்படுபவர்", "புத்தி பேதலித்தவர்" போன்றவையும் வேண்டாம். டிமென்ஷியாவோடு வாழ்பவர் என்று எழுதுங்கள், அவரே உங்கள் ஸ்டாலுக்கு வந்து படிப்பார்.

படி 6: மேடைப் பக்கம் போகாதீர்கள்

பேச்சாளரிடம் முதல் ஸ்லைடில் எங்கள் லோகோவைப் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். கேட்டதற்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. மருத்துவர்களின் தொடர்கல்விக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பான ஏசிசிஎம்இ-யின் விதிப்படி, கல்விக்கான ஸ்லைடிலோ கையேட்டிலோ நிறுவன லோகோ கூடாது. தலைப்பு, பேச்சாளர் தேர்வு எதிலும் நிறுவனம் தலையிடக் கூடாது. பாடம் நடக்கும் அறையில், பாடத்துக்கு முன்னும் பின்னும் 30 நிமிடத்துக்குள் விற்பனை சார்ந்த எதுவும் நடக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் நாட்டில் வேறு அமைப்பு இருக்கும், ஆனால் கோடு ஏறக்குறைய இங்கேதான் விழும். உங்கள் பேச்சைக் கேட்க வைத்தே தீரவேண்டும் என்றால் சாட்டிலைட் சிம்போசியம் என்று தனி நேரம் விற்பார்கள். அது நிறுவன நிகழ்ச்சி என்று பெரிதாக எழுதியிருக்கும். சின்ன நிறுவனத்துக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்கு யார் வருவார்கள்?

படி 7: ஸ்டால்

எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் பளபளப்பாக ஒரு கறுப்பு விரிப்பு போட்டிருந்தோம். முதல் நாள் காலை ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். விரிப்பின் ஓரத்தில் நின்றுவிட்டார். கால் நுனியால் தொட்டுப் பார்த்தார், பின்வாங்கினார். "வாங்க சார்" என்று நான் கைநீட்ட, அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "அவருக்கு அது குழி மாதிரி தெரியுது தம்பி." அந்த இடத்திலேயே விரிப்பைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினோம். டிமென்ஷியாவில் ஆழத்தையும் நிறவேறுபாட்டையும் மூளை சரியாகக் கணிக்காமல் போகலாம், கரும்விரிப்பு பள்ளமாகத் தெரிவது எல்லாருக்கும் தெரிந்த சிக்கலாம். எங்களுக்குத்தான் தெரியவில்லை. தரையின் நிறத்தை ஒட்டிய, பூ வேலையில்லாத, மினுக்காத விரிப்பு போதும். விரிப்பே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

ஸ்டாலில் வீடியோவைச் சத்தமாக ஓட விடாதீர்கள். நாலு ஸ்டாலும் ஓட விட்டால் காது கருவி போட்டவருக்கு அது சந்தைக் கடை.

விசிட்டர் பேட்ஜை ஸ்கேன் செய்யும் செயலியை வாடகைக்குத் தருவார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. குடும்பத்தில் டிமென்ஷியா இருக்கிறது என்பது ஒருவரின் உடல்நலத் தகவல், அவரைக் கேட்காமல் பட்டியலில் ஏற்றக் கூடாது. ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வைத்தோம். தொடர்புகொள்ளச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்கள் குறைவுதான், ஆனால் அப்புறம் போன் போட்டால் எடுத்தார்கள்.

பின்சேர்க்கை 1: "இவ்வளவு கட்டுப்பாடு என்றால் பணத்துக்கு என்னதான் கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் மேடைப் பின்னணி விளம்பரத்தை வாங்காமல் இரண்டு விஷயங்களுக்குக் கொடுத்தோம். ஒன்று, கூட்டம் தாங்காமல் போனால் வந்து உட்கார அமைதி அறை. இன்னொன்று, முதன்மை அரங்கில் ஹியரிங் லூப். அரங்கைச் சுற்றிக் கம்பி போட்டு, மைக்கின் ஒலியை நேராகக் காது கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு. இரண்டின் வாசலிலும் சின்னதாக எங்கள் பெயர். ஸ்டாலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், "லூப் போட்டது நீங்கள்தானே?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள்.

பின்சேர்க்கை 2: லூப் போட்டும் சிலருக்குக் கேட்கவில்லை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இரண்டு காரணம் இருக்கலாம். இப்போது வரும் சின்னக் கருவிகள் பலவற்றில் லூப்பின் ஒலியைப் பிடிக்கும் கம்பிச்சுருளான டெலிகாயிலே இருப்பதில்லை (எங்கள் மாடல் ஒன்றிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்). அவர்களுக்குக் கொடுக்க ஹெட்போனோடு கூடிய ரிசீவர் சில வைத்திருங்கள். இரண்டாவது, தரையில் இரும்பு இருந்தால் சில இடங்களில் ஒலி செத்துவிடும். வாடகைக்குத் தருபவரிடம் ஐஇசி 60118-4 தரப்படி அந்த அரங்கிலேயே சோதித்த தாளைக் கேளுங்கள். அதோடு முந்தின நாள் மாலை விளக்கு, புரொஜெக்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, டி (டெலிகாயில்) நிலையில் வைத்த கருவியோடு வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். எங்கள் அரங்கில் வலது ஓரம் ஆறு நாற்காலிகளில் ஒன்றுமே கேட்கவில்லை. சரிசெய்ய நேரமில்லை. அவற்றில் எங்கள் நிறுவனத்தின் பெயரை ஒட்டிவிட்டு, நாங்களே போய் உட்கார்ந்துகொண்டோம்.