காரைத் தாழ்த்திவிட்டு பேலன்ஸைத் தேடுபவர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, "முன்பக்கம் திரும்பவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பவர்கள் குறையவே இல்லை. நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்துதான். பாகங்களின் விலை மட்டும் ஏறியிருக்கிறது. மட்டமான பாகம் வாங்காதீர்கள், வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன். நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் மட்டும் கீழே.

தாழ்த்தியதால் வந்த அண்டர்ஸ்டீருக்கு பின் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குவது

இன்னும் என்னைக் கடுப்பேற்றும் தவறு இது. அண்டர்ஸ்டீர் என்றால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு முன்பக்கம் திரும்பாமல் வெளியே ஓடுவது. ஒரிஜினல் டேம்பரை (ஷாக் அப்சார்பர்) அப்படியே வைத்துக்கொண்டு 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். அந்த 40 மி.மீ. எங்கிருந்து வந்தது? சக்கரம் மேலே ஏற இருந்த இடத்திலிருந்துதான். போதாக்குறைக்கு ஸ்பிரிங்கும் பழையதைவிடக் கொஞ்சம்தான் கடினம். வளைவில் கார் சாய்ந்ததும் வெளிப்பக்க முன் டேம்பர் பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் அடிவரை அமுங்காமல் தடுக்கும் ஃபோம் கட்டை) போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த நொடியில் முன்பக்கம் திடீரென்று பல மடங்கு கடினமாகிறது, வெளிப்பக்க முன் டயர் மேல் பாரம் குவிகிறது. பாரம் கூடும் அளவுக்கு டயரின் பிடிப்பு கூடாது. விளைவு, அண்டர்ஸ்டீர்.

மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (டேம்பரே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அமைப்பு) வண்டியில் இன்னொரு வம்பும் உண்டு. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்தால், கார் இறங்கியதைவிட ரோல் சென்டர் (கார் சாயும்போது சுழலும் மையப்புள்ளி) அதிகமாக இறங்கும். தாழ்த்திய கார் எதிர்பார்த்த அளவுக்கு சாய்வைக் குறைக்காது. சாயும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (டயரின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) கைவிட்டுப் போகும்.

இதையெல்லாம் பார்க்காமல் பின்பக்க ஆன்டி-ரோல் பாரை (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) மாற்றுகிறார்கள். "மூணு மி.மீ. தானே சார்" என்பார்கள். சாலிட் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 22-லிருந்து 25-க்குப் போனால் கிட்டத்தட்ட 67 சதவீதம் கூடுதல். முன் டேம்பர் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வளைவில் முன்-பின் பிடிப்பின் பேலன்ஸ் சரியாகிவிட்டது போலத் தோன்றும். முட்டாத வளைவில், அதுவும் ஈரத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. தடித்த பாரும் அட்ஜஸ்டபிள் ஆர்மும் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது; அடுத்து என்ன வாங்கலாம் என்பதுதான் பையனின் கேள்வி. டஸ்ட் கவரைத் தூக்கினேன். பம்ப் ஸ்டாப்பின் மஞ்சள் ஃபோம் நசுங்கிப் பொடிப்பொடியாக ராடில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்திருந்த ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் பாரையும் திரும்ப மாட்டி ஓட்டச் சொன்னேன். "இதுவே நல்லாத் திரும்புதே" என்றான், மனசே இல்லாமல்.

காசு செலவழிக்கும் முன் டேம்பர் ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டி, டேம்பர் பாடியை ஒட்டக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். டை பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் உங்களுக்கு வேண்டியது பார் அல்ல. காரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இல்லையென்றால் பாடி நீளம் குறைந்த டேம்பரும், இழந்த இடத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கடினமான ஸ்பிரிங்கும் போடுங்கள். ஒரிஜினல் டேம்பரோடு பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குட்டையாக்கும் 'வைத்தியம்' மட்டும் வேண்டாம். பிஸ்டன் உள்ளே அடியில் இடித்து டேம்பரே போய்விடும்.

ரீபவுண்டை முழுக்க இறுக்குவது

ரீபவுண்ட் என்பது அமுங்கிய டேம்பர் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதை முழுக்க இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் விரிய நேரமில்லாமல் கார் படிப்படியாகக் கீழே இறங்கும். மறுபடியும் அதே பம்ப் ஸ்டாப். அட்ஜஸ்டரை மிருதுவான நிலையிலிருந்து ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

எது வேலை செய்தது என்று தெரியாது.

தேய்ந்த டயரில் பேலன்ஸ் பார்ப்பது

வேண்டாம்.

ரப்பர் புஷ்ஷை லிஃப்டில் வைத்தே இறுக்குவது

புஷ் என்பது ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர். சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். சக்கரத்தில் பாரத்தை இறக்கி, காரை நிற்க வேண்டிய உயரத்தில் நிறுத்திய பிறகே கடைசி இறுக்கு. கடையில் செய்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமானால், போல்ட்டைத் தளர்த்தி நீங்களே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.