கடைக்குக் கிளவுட் போன் வாங்கும் முன்

தீபாவளி நெருங்கினால் திருநெல்வேலி டவுன் அல்வாக் கடைக்கும் பத்தமடைப் பாய் வியாபாரிக்கும் ஒரே எண்ணில் நாலு பேர் ஒன்றாக அழைப்பார்கள். ஒற்றை லேண்ட்லைனில் ஒருவருக்குத்தான் மணி அடிக்கும். மற்ற மூவரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கிளவுட் போன் என்பது இணையம் வழியே பேசும் போன். அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச், சேவை தரும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஒரே எண் கல்லாவிலும் குடோனிலும் வண்ணார்பேட்டைக் கிளையிலும் அடிக்கும். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்பது சேனல் கணக்கு; ஒரு சேனலில் ஒரு அழைப்புதான். முதலில் அதைக் கேளுங்கள்.

ஒரு பேச்சுக்கு அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் தலா 100 கேபிபிஎஸ் இணைய வேகம் போதும். ஐந்து பேர் பேச அரை எம்பிபிஎஸ்தான். குரல் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் வேகம் குறைவல்ல. சிசிடிவி கேமராவின் அப்லோடு, வழியை அடைத்திருக்கும். ரவுட்டரில் எதற்கு முதலிடம் என்று சொல்லும் 'க்யூஓஎஸ்' அமைப்பைப் போட்டு போனுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? ரவுட்டரில் இணைய அழைப்புத் தகவலை இடையில் மாற்றும் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற அமைப்பு இருந்தால் அணையுங்கள். பல இடங்களில் கோளாறு அதுதான்.

கரண்ட் போனால் போனும் போகும். ஃபைபர் மோடம், ரவுட்டர், மேசைப் போன் எல்லாவற்றுக்கும் யூபிஎஸ் வேண்டும். சிறிய டிசி யூபிஎஸ் என்றால் அடாப்டரில் உள்ள வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 'போன் தொடர்பில் இல்லையென்றால் மொபைலுக்குத் திருப்பு' என்ற அமைப்பையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். சர்வரிலேயே நடப்பதால் கடை இருண்டு கிடந்தாலும் அழைப்பு வரும்.

பழைய 0462 லேண்ட்லைன் எண்ணை உடனே சரண்டர் செய்யாதீர்கள். கால் ஃபார்வர்டிங்கில் புதிய எண்ணுக்குத் திருப்பி ஆறு மாதமாவது வைத்திருங்கள்.