சண்டைக்குப் பிறகு ஏழு நிமிடம்

தம்பதியருக்கு ஒரு எளிய எழுத்துப் பயிற்சி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈலை ஃபிங்கல் குழுவினர் 120 தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் அவர்களுடைய மணவாழ்க்கைத் திருப்தி சராசரியாக மெல்லக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் மட்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஏழு நிமிடம் எழுதினார்கள். அவர்களிடம் அந்தச் சரிவு நின்றுவிட்டது, மற்றவர்களிடம் தொடர்ந்தது.

எழுத வேண்டியது இதுதான்: அண்மையில் நடந்த பெரிய சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாவது ஆள் எப்படிப் பார்ப்பார்? அந்தச் சண்டையிலிருந்து என்ன நல்லது வரலாம் என்று அவர் சொல்வார்? சண்டை நடக்கும்போதே அப்படிப் பார்க்க விடாமல் என்னைத் தடுப்பது எது? அடுத்த நான்கு மாதம் அதை எப்படிச் சமாளிப்பேன்?

எனக்கு மிகவும் பிடித்த செய்தி, எழுதியவர்கள் சண்டை போடுவதைக் குறைக்கவில்லை என்பது. சண்டை தந்த மனவேதனைதான் குறைந்தது. இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். சண்டையை விவரிக்கும்போது யார் சொன்னது சரி என்ற தீர்ப்பு வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இது மருந்தல்ல. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகு ஆலோசகர்.