குஞ்சைத் தூக்கி வருகிறவர்களுக்கு

போன வாரம் ஓர் இளைஞர் செருப்புப் பெட்டியோடு எங்கள் மீட்பு மையத்துக்கு வந்தார். மூடியில் காற்றுப் போக ஓட்டைகள். உள்ளே பஞ்சுமேல் ஒரு காகக் குஞ்சு, பக்கத்தில் பாலில் ஊறிய ரொட்டி. "மரத்தடியில அனாதையா கிடந்துச்சு. நல்லவேளை, நான் பார்த்தேன்" என்றார்.

அந்தப் பெட்டி, ஓட்டைகள், ரொட்டி, முகத்தில் இருந்த பெருமிதம் எல்லாமே எனக்குத் தெரிந்தவை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே கோலத்தில் நான் நின்றிருக்கிறேன். அதனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாய்க்குச் சாக்லேட் கொடுக்கக் கூடாது, பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, தடுப்பூசி போட வேண்டும். இதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிராணிகள் என்றாலே ஆகாதவர்கள் செய்யும் கொடுமையும் என் கணக்கில் இல்லை. பிரியம் உள்ளவர்கள், அந்தப் பிரியத்தாலேயே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இது.

தாய் இல்லை என்று நாமே முடிவு கட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். குட்டி தனியாக இருக்கிறது, தாயைக் காணவில்லை, ஆகவே அனாதை. இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு.

பறவைகளை எடுத்துக்கொள்வோம். கூட்டிலிருந்து வெளியே வந்த அன்றே ஒழுங்காகப் பறக்கத் தெரிந்த குஞ்சுகள் குறைவு. காகம், குருவி போன்ற பல இனங்களில் இறகு முளைத்த இளம்பறவை சில நாட்கள் தரையிலும் புதரிலும் தத்திக்கொண்டு திரியும். வால் குட்டையாக இருக்கும், பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை. பெற்றோர் மேலே கிளையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், இரை கொண்டுவந்து ஊட்டும். நாம் பக்கத்தில் நிற்கும்வரை மட்டும் இறங்கி வராது. நாம் நகராமல் நின்றுகொண்டு, "அரை மணி நேரம் பார்த்தேன், தாய் வரவே இல்லை" என்கிறோம். நாம் நின்றதுதான் காரணம்.

பாலூட்டிகளிலும் இதே கதைதான். மான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. முயல் இனங்களில் தாய் நாளுக்கு ஓரிரு முறைதான் வரும், சில நிமிடங்களில் பாலூட்டிவிட்டுப் போய்விடும். எப்போதும் பக்கத்திலேயே இருந்தால் குட்டி இருக்கும் இடத்தை வேட்டை விலங்குக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. தாய் விலகி இருப்பது அலட்சியத்தால் அல்ல, அதுதான் அதன் வளர்ப்பு முறை.

சரி, அப்படியானால் என்ன செய்வது? முதலில் குஞ்சைப் பாருங்கள். உடம்பில் இறகு மூடியிருக்கிறது, காலில் நிற்கிறது, தத்துகிறது என்றால் இளம்பறவை. அதை விட்டுவிட்டு விலகிப் போங்கள். பூனையோ சாலையோ பக்கத்தில் இருந்தால் ஒரு சில அடி தள்ளி, புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்தால் போதும். கண் திறக்காத, இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டிலிருந்து விழுந்தது. கூடு எட்டினால் திரும்ப வைத்துவிடலாம். கூடு சிதைந்துபோயிருந்தால் அடியில் ஓட்டை உள்ள ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டிவிட்டு, தூரத்தில் இருந்து பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். பறவைகள் விஷயத்தில் அது கட்டுக்கதை. இந்த ஒரு கட்டுக்கதையால் மட்டும் எத்தனை பெட்டிகள் எங்கள் வாசலுக்கு வந்திருக்கின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ரத்தம், முறிந்த இறக்கை, பூனை வாயில் சிக்கிய அடையாளம், உடம்பில் ஈ முட்டை, பக்கத்தில் செத்துக் கிடக்கும் தாய். இவற்றில் ஒன்று இருந்தால் அது வேறு கதை. இருட்டான பெட்டி, மிதமான சூடு, அமைதி. அப்புறம் விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோவது. அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், சாப்பாடு வேண்டாம்.

தண்ணீர் ஏன் வேண்டாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால், கீழ்த்தளத்திலேயே, மூச்சுக்குழாயின் வாய் தெரியும். சிரிஞ்சில் நாம் விடுகிற சொட்டு நேராக அதற்குள் இறங்கலாம். நமக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். குஞ்சால் அது முடியாது. சாயங்காலம்வரை நன்றாக இருந்த குஞ்சு விடியும்போது போய்விடும், நமக்குக் காரணமே புரியாது. பால் இன்னும் மோசம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்குக் கிடையாது. உடம்பு சில்லிட்டிருக்கும் குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் அது வயிற்றில் அப்படியே தேங்கும். முதலில் சூடு, உணவெல்லாம் அப்புறம்.

இப்போது என் காகம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் தூக்கி வந்ததும் நன்றாகத் தத்திக்கொண்டிருந்த இளம்பறவைதான். மேலே இரண்டு காகங்கள் தலைக்கு மேல் பறந்து கத்தித் தீர்த்தன. "பாவம், மற்ற காகங்கள் கொத்த வருகின்றன" என்று நினைத்துக்கொண்டேன்! பெற்றவர்களின் கண் முன்னாலேயே பிள்ளையைக் கடத்திக்கொண்டு வந்து, அதற்குக் காப்பாற்றியதாகப் பெயர் வேறு.

குஞ்சு பிழைத்தது. பிழைத்ததுதான் வினை. தினமும் இறைச்சித் துண்டு கொடுத்தேன், சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று தெரியாது, ஒரு கால் லேசாக வளைந்துவிட்டது. தோளில் உட்காரும், பேனாவைப் பிடுங்கும், காது மடலைக் கொத்தும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து "சுதந்திரம்" கொடுத்தேன். அது காகங்களிடம் போகவில்லை. காகங்களைக் கண்டு பயந்தது. மனிதர்களைத் தேடிப் போனது. தெருவில் போகிற ஓர் ஆளின் தலையில் உட்கார்ந்தது. காகம் வந்து தலையில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? கையில் இருந்த குடையால் அடித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அடித்தது, நான் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான்.

இதைப் பதிவு என்பார்கள், ஆங்கிலத்தில் இம்ப்ரின்டிங். சின்ன வயதில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் கண் முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களே தன் இனம் என்று குஞ்சின் மூளையில் பதிந்துவிடும். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935-இல் இதை விரிவாக எழுதினார். முட்டையிலிருந்து வந்ததும் அவரைப் பார்த்த வாத்துக் குஞ்சுகள் அவர் பின்னாலேயே வரிசையாகப் போகும். அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறோம். அந்த வாத்து வளர்ந்த பிறகு யாரைத் துணையாகத் தேடும் என்று யோசிப்பதில்லை.

யோசித்தால் டெக்ஸின் கதைக்கு வந்து சேர்வோம். ஊப்பிங் கிரேன் என்ற பெரிய வெண்கொக்கு 1941 வாக்கில் உலகத்திலேயே இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. அந்த இனத்தில் டெக்ஸ் என்ற பெண் பறவை மனிதர் கையில் வளர்ந்தது. ஒவ்வொரு உயிரும் முக்கியம் என்கிற நிலையில், அதற்கு ஆண் கொக்குகள்மேல் நாட்டமே இல்லை. கடைசியில் ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட் என்ற அறிவியலாளர் அதன் ஜோடி மாதிரி கூடவே இருந்து, கைகளை விரித்துக் குதித்து நடனமாடி, முட்டையிடும் மனநிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. செயற்கைக் கருவூட்டலில் 1982-இல் ஒரே ஒரு குஞ்சு கிடைத்தது. பல வருட உழைப்பு அது. பின்னாளில் இந்தக் கொக்குகளை வளர்த்தவர்கள் உடம்பை மூடும் வெள்ளை அங்கி போட்டு, கையில் கொக்குத் தலைப் பொம்மையை மாட்டி, வாயே திறக்காமல் ஊட்டினார்கள். கொஞ்சக் கூடாது என்பதற்காக ஒரு சீருடையே தேவைப்பட்டிருக்கிறது.

2016 மே மாதம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் சுற்றுலா வந்தவர்கள், குளிரில் நடுங்குகிறதே என்று ஒரு காட்டெருமைக் கன்றைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காவலர்கள் திரும்ப மந்தையோடு சேர்க்கப் பலமுறை முயன்றார்கள். மந்தை ஏற்கவில்லை. கன்று மறுபடி மறுபடி மனிதர்களிடமும் கார்களிடமும் வந்து நின்றது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அந்தச் சுற்றுலாப் பயணிகள் மனதில் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது.

போன வாரம் வந்த குஞ்சையும் அந்த இளைஞரையும் சாயங்காலத்துக்குள் அதே மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். குஞ்சைத் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டுப் பத்தடி நடந்திருக்க மாட்டோம், மேலிருந்து ஒன்று பாய்ந்து வந்து அவர் உச்சந்தலையில் ஒரு கொத்து. தடவிக்கொண்டே, "தாய் இருக்கு சார்" என்றார்.

சிரிக்கிறது என்று நினைப்பது

2009-இல் ஒரு காணொளி உலகம் முழுக்கப் பரவியது. ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு வகை, கிச்சுக்கிச்சு மூட்ட மூட்டக் கைகளைத் தூக்கிக் காட்டும். ஆகா, என்ன சுகம் என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்த விலங்குக்கு மேல்கையின் உட்புறத்தில் நச்சுச் சுரப்பி இருக்கிறது. ஆபத்து என்றால் கையைத் தூக்கி அதை நக்கி, எச்சிலோடு கலந்து கடிக்கும். நச்சுக் கடி உள்ள பாலூட்டிகள் உலகத்தில் மிகச் சில, அதில் இது ஒன்று. கைகளைத் தூக்கியது இன்பத்தில் இல்லை, பயத்தில். இவற்றை வைத்து வியாபாரம் செய்பவர்கள் கடிக்காமல் இருக்கப் பல்லை வெட்டி விற்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று நாம் தட்டுகிற ஒவ்வொரு விருப்பக்குறியும் அந்தச் சந்தைக்குத் தீனி.

சிம்பன்சி பல்லைக் காட்டி இளிப்பதும் பெரும்பாலும் பயம்தான். டால்பினுக்கு வாய் அமைப்பே அப்படி, செத்தாலும் சிரித்த முகமாகத்தான் இருக்கும். பூனை வலியிலும் குர்ர்ரென்று இழைக்கும். நாயைக் கட்டிப்பிடித்து எடுத்த படங்களில் உங்கள் முகத்தை விட்டுவிட்டு நாயின் முகத்தைப் பாருங்கள். காது பின்னால் மடங்கி, கண்ணின் வெள்ளை தெரிந்தால், அது உங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் முகம்தான் இருக்கும்.

நம் மாத்திரையைக் கொடுப்பது

பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். பாதி மாத்திரையும்தான்.

"சின்னக் கீறல்தான்" என்பது

சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம் கழுவுவது, அன்றைக்கே மருத்துவர். வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. "என் நாய்தானே" என்று என்னிடம் வாதாட வராதீர்கள்.

சலித்ததும் "விடுதலை" செய்வது

சிவப்புக் காது ஆமையைக் குட்டியாக வாங்கும்போது உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. பிறகு ஓடே ஓர் அடி நீளத்துக்கு வளரலாம், முப்பது வருடம் வாழலாம். தொட்டி நாறுகிறது, குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டது, குளத்தில் விட்டுவிடுவோம். இப்படி விடப்பட்டவை உள்ளூர் ஆமைகளுக்கு வெயில் காய இடமில்லாமல் செய்துவிட்டன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியையே தடை செய்தது. தங்கமீன் ஏரியில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலங்கடிக்கும். கூண்டில் பிறந்த கிளியைத் திறந்துவிட்டால் அதற்கு இரை தேடவும் தெரியாது, பருந்தையும் தெரியாது.

வாங்கும் முன் ஆயுளைக் கேளுங்கள். சாம்பல் கிளி நாற்பது வருடத்தைத் தாண்டும். உங்கள் வயதோடு கூட்டிப் பாருங்கள்.

பெயர் வைப்பது

வீட்டு நாய்க்குத் தாராளமாக வையுங்கள். திரும்பக் காட்டுக்குப் போக வேண்டிய உயிருக்கு எங்களிடம் எண் மட்டும்தான், பெட்டிமேல் ஒட்டிய டேப்பில் எழுதியிருக்கும். புதிதாக வரும் தன்னார்வலர்கள் இதைக் கல்நெஞ்சம் என்பார்கள். என் காகத்துக்கு நான் பெயர் வைத்திருந்தேன். எங்கே இருந்தாலும் கூப்பிட்டால் வந்துவிடும்.